சில்லு எடுத்தவர்

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளில் பாதி இரண்டாம் மாடி மாமிக்கு வந்தவை. மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே, ஒரு தெருவின் வளைவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில் அப்போது என் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. பத்திரிகை ஆபீஸ் போட்டுக்கொடுத்தது. மாமி என்னைக் கேட்காமலே என் எண்ணைத் தன் முகவரி அட்டையில் அச்சடித்து, அடுத்த வீட்டுப் போன், கூப்பிட்டுவிடுவார்கள் என்று பொருள்படப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டார். அட்டையைப் பார்த்துவிட்டு நான் கேட்டபோது அவர் சங்கடப்படவில்லை.

“ரெண்டாம் மாடிக்கும் உங்காத்துக்கும் நடுவுல ஒரு மணி கட்டிட்டாப் போறது. அப்பறம் என்ன தூரம்?”

மறுநாள் அவர் பால்கனியிலிருந்து என் ஜன்னல் கம்பிக்கு ஒரு நைலான் கயிறு இறங்கியது. மேல் நுனியில் பூஜை மணி. போன் வந்தால் நான் கயிற்றை இழுக்க வேண்டும்.

கூப்பிட்ட குரல்களில் ஒன்று தன் பெயரைச் சொன்னதில்லை. “மேடம் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்கும். மாமி இறங்கி வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல், சுவரைப் பார்த்து நின்றபடி பேசுவார்.

“சொல்லுங்கோ சார். ஆமா, பாத்தேன். இல்லை, அது வெறும் சில்லு. எடுத்தாச்சு. இப்ப பாத்தேள்னா சுத்தமா இருக்கும்.”

வைத்துவிட்டு, “ஆபீஸ் விஷயம்” என்பார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

பெயர் சொல்லாமல் பேசுகிறவர்களையும், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களையும் மனதில் குறித்துக்கொள்வது என் தொழில் கொடுத்த வழக்கம். இரண்டும் ஒரே அழைப்பில் சேர்ந்து வந்ததால் அந்தச் ‘சில்லு’ எனக்கு மறக்கவில்லை.

அவர் வேலை பார்த்தது தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த தனியார் கம்பெனியில். கிராமத்து நிலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அந்த வருஷங்களில்தான் சோதனையாகத் தொடங்கியிருந்தது. யார் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் துணி ஒட்டிய பழைய தாள்களிலிருந்து திரைக்கு மாற்ற வேண்டும். சில ஊர்களின் படங்கள் இந்தக் கம்பெனிக்கு வந்திருந்தன. அந்தப் பிரிவுக்கு மாமிதான் தலைமை. ஐம்பதை ஒட்டிய வயது. அதற்கு முன் எங்கே இருந்தார், மாமா என்று ஒருவர் உண்டா என்பதை எல்லாம் கட்டடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் உறுதி செய்துகொண்டது ஒன்றுதான். அவருக்கு இடைவெளி பொறுக்காது.

வாசற்கதவுக்கும் தரைக்கும் நடுவே பழைய புடவைத் துணியைச் சுருட்டி அடைத்திருப்பார். அலமாரியில் டப்பாக்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒன்றை வெளியே எடுத்தால் மற்றவற்றை நகர்த்தி அந்த இடத்தை மூடிவிடுவார். எடுத்ததைத் திருப்பி வைக்க இடம் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகில் பையால் தட்டுவார்.

“முன்னால நகருங்கோ.”

“நகர்ந்தா மட்டும் சீக்கிரம் குடுத்துடுவானா?” என்று ஒருவர் திரும்பிக் கேட்டார்.

“மாட்டான். ஆனா நடுவுல எடம் விட்டா எவனாவது நுழைவான்.”

இது அவருடைய முழு நம்பிக்கை என்று பிறகு புரிந்தது. இடைவெளி என்றால் அதில் ஒரு திருடன் ஏற்கெனவே கால் வைத்துவிட்டான் என்பதுபோலத்தான் பார்ப்பார். காலையில் தியாகராய நகர் போகும் பஸ்ஸில் சில நாள் நாங்கள் சேர்ந்து போனதுண்டு. இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையின் பக்கத்தில் போய் நின்று, அவர்களுக்கு நடுவே கை அகலத்துக்கு வெளிச்சம் தெரிவதைப் பார்ப்பார். “எடம் இருக்கே” என்பார். கேள்வியாகச் சொல்லமாட்டார். அவர்கள் ஒதுங்குவதற்குள் உட்கார்ந்திருப்பார்.

மற்றவர்கள் பேச்சிலும் அவருக்கு அப்படித்தான். மூச்சு விட நிறுத்தினால் மிச்சத்தை அவர் சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாக முடிப்பார். பலர் திருத்தச் சோம்பல்பட்டு அதையே தங்கள் கருத்தாக ஒப்புக்கொண்டு போனார்கள்.

அவரால் எனக்கு நன்மையும் உண்டு. ஒரு ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த செய்தியை, போன் பேச வந்த இடத்தில் மேஜைமேலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, “நீங்க சொல்ற ரெண்டு பங்கையும் கூட்டினா மொத்தம் வரலியே. நடுவுல கொஞ்சம் நிலம் எங்க போச்சு?” என்றார். நான் மறுபடி விசாரித்தேன். காணாமல்போன அந்தத் துண்டில்தான் உண்மையான செய்தி இருந்தது. முதல் பக்கத்தில் வந்தது. அன்றைக்கு அவரிடம் எனக்கு இருந்த மரியாதையை நான் இன்றும் மறுக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் கன்னியம்மாவின் இஸ்திரி வண்டி. தெரு முழுக்க அவளிடம்தான் துணி போடும். “மாமி வூட்டுக்குள்ள எறும்பு கூட டிக்கெட் வாங்கிக்கினுதான் போவணும் சார்” என்பாள். மாமி காதில் விழும்படியே சொல்வாள். மாமி சிரிப்பார். அவர்களுக்குள் அப்படியொரு நட்பு இருந்தது. மாமியின் பருத்திப் புடவைகளை அவள் மற்றவர்கள் துணிக்கு முன்னால் தேய்ப்பாள்.

எங்கள் பின்சுவருக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்தால் போகலாம் என்ற அளவில் ஒரு சந்து. யாருக்கும் அது தொந்தரவாக இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி கொத்தனாரை அழைத்து வந்து இரண்டு வாயையும் செங்கல் வைத்து மூடினார். “ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தாச்சு. உள்ள ஒண்ணும் இல்லை” என்றார். மறுநாள் சுவருக்குள்ளிருந்து பூனைக்குட்டிகளின் சத்தம் கேட்டது. தாய்ப்பூனை வெளியே மூடிய செங்கலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கன்னியம்மாதான் கடப்பாரை வாங்கி வந்து இடித்தாள். குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை.

மாமி அன்று ஆபீஸ் போகவில்லை. தட்டில் பால் ஊற்றி வைத்துக்கொண்டு சந்து வாயிலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை; அருகில் நின்று பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் தாய்ப்பூனை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போனது. கொத்தனார் மறுபடி வந்தார்.

“இப்ப நெஜமாவே உள்ள ஒண்ணும் இல்லை” என்றார் மாமி.

“மொத தபாவும் இத்தான சொன்னீங்கோ” என்றாள் கன்னியம்மா.

கன்னியம்மாவின் நிலத்துச் சங்கதி எனக்குத் தெரியவந்தது இதற்குச் சில மாதம் கழித்து. செங்கல்பட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே அவள் ஊர். அப்பா விட்டுப்போன சின்ன வயல் ஒன்று. தம்பி அதில் வேர்க்கடலை போட்டிருந்தான்; அவர்கள் பேச்சில் மல்லாட்டை. பெரிய ரோட்டிலிருந்து அந்த வயலுக்குப் போக ஒரே வண்டிப்பாதை. பாதையின் இரு பக்கமும் இருந்த நிலங்களை ஒரே ஆள் வாங்கியிருந்தார். ஒருநாள் அவர் பாதையின் வாயில் கல் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். தம்பி தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, புதுப் படத்தில் பாதை எதுவும் இல்லை என்று சொல்லி ஒரு நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“பேப்பர்ல வேல பாக்குற, இத்த இன்னான்னு கேளு சார்” என்று அந்த நகலை வண்டிமேல் விரித்தாள் கன்னியம்மா. “எந்தம்பி மூட்டைய தலைல வச்சிக்கினு அடுத்தவன் வரப்புல நடக்கிறான். அதுலயும் நடக்காதேன்றான். பாதை இல்லாத கயனி உனுக்கு எதுக்கு, எனுக்கே குட்த்துடுன்றான்.”

“குடுக்கப் போறியா?”

“இந்தப் பொட்டிய தூக்குறதுக்குக் கைல தெம்பு கீற வரிக்கும்தான் சார் எனுக்கு மெட்ராசு. அப்பால அந்தக் கயனிதான். அத்த குட்த்துட்டு எங்க போவேன், உன் வூட்டுக்கா?”

படத்தின் கீழ் மூலையில் கம்பெனியின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. மாமியின் முகவரி அட்டையில் இருந்த அதே பெயர்.

பெயர் சொல்லாத குரலும், ‘எடுத்தாச்சு’வும் உடனே நினைவுக்கு வந்தன. என் மனதில் செய்தி முக்கால்வாசி எழுதப்பட்டுவிட்டது. கன்னியம்மாவிடம் எதுவும் சொல்லாமல், கம்பெனியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சாக்குச் சொல்லி மாமியின் ஆபீசுக்குப் போனேன்.

செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். ஏ.சி. அறையில் திரைச்சீலை போட்டு, பெரிய பலகைகளின்மேல் பழைய படங்களை நாடா ஒட்டி விரித்திருந்தார்கள். டிப்ளமோ படித்த பெண்கள் கையடக்கமான ஒரு கருவியைப் படத்தின் கோடுகள்மேல் நகர்த்தி, மூலைக்கு மூலை அழுத்தினார்கள். அழுத்த அழுத்தத் திரையில் பச்சைக் கோடு வளர்ந்தது. சுவரோரம் ஒரு இயந்திரம் பேனாவைப் பிடித்துத் தானே படம் வரைந்துகொண்டிருந்தது. மாமி ஒவ்வொரு பலகையாக என்னை அழைத்துப்போய்க் காட்டினார். இத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

“சில்லுன்னா என்ன மாமி?” என்றேன்.

ஒரு திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். “ரெண்டு நிலத்துக்கு எல்லை ஒண்ணுதானே? ரெண்டு தடவை வரைஞ்சா கை நடுக்கத்துல ரெண்டு கோடு வந்துடும். நடுவுல மெல்லிசா ஒரு துண்டு நிக்கும் பாருங்கோ. அதுக்கு நம்பர் கிடையாது, சொந்தக்காரன் கிடையாது. அதான் சில்லு. எடுத்துடுவோம். விட்டா அதுக்குள்ள எவனாவது நுழைவான்.”

அப்போது கதவுப் பக்கம் ஒரு குரல், “மேடம் இருக்காங்களா?” என்றது.

நான் திரும்பினேன். கம்பெனி முதலாளி. பெயர் சொல்லாதவர் அவர்தான். சொந்த ஆபீசிலேயே அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நுழைவார் போலிருக்கிறது. எனக்குக் காபி வரவழைத்தார். ஒரு படத்தில் ஒரே ஒரு சில்லு இருந்தாலும், முனை மூடாத ஒரே ஒரு கோடு இருந்தாலும், சரிபார்க்கும் இடத்தில் முழுப் படத்தையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று குறைப்பட்டார். மேடம் கை பட்ட படம் மட்டும் திரும்பி வந்ததில்லையாம். நான் நினைத்து வைத்திருந்த செய்தியில் பாதி அங்கேயே போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மறுநாள், அது மாமியின் கம்பெனி போட்ட படம் என்று சொல்லி, கன்னியம்மாவை நேரே இரண்டாம் மாடிக்கு அழைத்துப்போனேன்.

“மாமி, எங்க ஊர்ல எங்க கயனிக்கு...”

“பட்டா வரலியா? மனு எழுதித் தரேன்.”

“அது கீது மாமி. பாதை...”

“பாதைல தண்ணி நிக்கறதாக்கும்.”

“பாதையே இல்ல மாமி. உங்க படத்துல அத்த காணோம்.”

மாமி நகலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தயங்கவே இல்லை. “இந்தத் தாள் ஞாபகம் இருக்கு. மடிப்பு.”

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். பழைய படங்களைப் பல காலம் மடித்தே வைத்திருப்பார்கள். ஈரத்தில், மடிப்புக்கு ஒரு பக்கம் இருக்கும் கோட்டின் மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் இணையாக இரண்டு கோடு தெரியும். ஒன்று நிஜம், ஒன்று அதன் நிழல். இந்தப் படத்திலும் மடிப்புக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் இரண்டு கோடு இருந்தது. நிழலை அவர் எடுத்துவிட்டார். நடுவில் நின்ற சில்லும் சேர்ந்து போனது.

“நான் பொறந்ததுலேர்ந்து நடந்தது இன்னா, மடிப்புலயா மாமி?” என்றாள் கன்னியம்மா.

“அந்த ஊரை நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று நான் கேட்டேன்.

“எந்த ஊரையும் பாத்ததில்லை. ஒவ்வொண்ணா பாத்துண்டிருந்தா வேலை ஓடாது.”

“பழைய தாளை எடுத்துப் பாக்கலாமே?”

“திருப்பி அனுப்பியாச்சு. இனிமே அதை யாரும் பிரிக்கமாட்டா. பிரிச்சாக் கிழியும்.”

விளக்கம் பொருத்தமாகத்தான் இருந்தது. பொருத்தமான விளக்கத்தை ஒருவர் கையிலேயே வைத்திருந்தால் எனக்கு உறுத்தும். ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “ஞாயித்துக்கிழமை போலாம். நான் பாக்கணும்” என்றார்.

மின்சார ரயில், பிறகு பஸ், பிறகு நடை. பாதை வாயில் கல்லும் கம்பியும் இருந்தன. கம்பிக்கு அப்பால் வண்டித்தடம் இரண்டு பள்ளமாக, நடுவில் புல்லோடு, தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபின் மடிப்பு, நிழல் என்று யாராலும் பேச முடியாது. மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

கல் நட்ட நிலத்துக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, அடக்கமான பேச்சு. “வாங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டு, “படம் போட்டவங்க நீங்கதானா?” என்றார்.

நாங்கள் வருவதைக் கன்னியம்மா தம்பிக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. வந்தவர்களில் படம் போட்டவர் மாமி என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பதை அன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, பிறகும் முடியவில்லை. அவர் குரலை நான் கூர்ந்து கேட்டேன். என் வீட்டுப் போனில் வந்த குரல் அல்ல.

கம்பியை ஒரு பக்கம் அவிழ்த்து எங்களை உள்ளே விட்டார். நானும் கன்னியம்மாவும் பாதை முடியும் இடம்வரை நடந்தோம். பாதை அவள் வயல் வரப்பில் போய் முட்டி நின்றது. வயலுக்குப் பின்னால் ஏரிக் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் புதிதாகச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் டின்கள் வெயிலில் அடுக்கியிருந்தன. நான் திரும்பிப் பார்த்தபோது மாமியும் நிலத்துக்காரரும் பம்ப் செட் ஓரம் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எட்டவில்லை. மாமி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு புதுச் சாலையின் பக்கம் பார்ப்பது மட்டும் தெரிந்தது.

“என்ன பேசினீங்க?” என்று திரும்பும்போது கேட்டேன்.

“இந்தப் பாதை எங்க போறதுன்னு கேட்டேன். எங்கயும் போகலைன்னார்.”

ரயிலில் கூட்டம் இருந்தது. அன்று அவர் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. தாம்பரம் வரை நின்றே வந்தார்.

சில வாரம் கழித்து, போன் எதுவும் வராத ஒரு காலையில், நான் இழுக்காமலே மேலே மணி அடித்தது. மாமி அந்தப் பக்கத்திலிருந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார். கையில் சுருட்டிய தாளோடு இறங்கி வந்து, நேராக இஸ்திரி வண்டிக்குப் போய், கன்னியம்மாவின் முன்னால் விரித்தார்.

“சரி பண்ணியாச்சு. மேல அனுப்பிச்சும் ஆச்சு. இதோ பார், ரோட்டுலேர்ந்து உன் பாதை.”

விரல் வைத்த இடத்தைக் கன்னியம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். அழகான இரண்டு இணைகோடுகள். கன்னியம்மா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு மாமியின் புடவைகளுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கும் மனம் இளகியது. தன் தப்பைத் தானே போய்ப் பார்த்துத் திருத்துகிறவர்களை என் தொழிலில் அதிகம் சந்தித்ததில்லை.

அடுத்த வாரம் தம்பி ஊரிலிருந்து வந்தான். வேலி போய்விட்டது என்றான். நிலத்துக்காரரே ஆள் வைத்துக் கல்லைப் பிடுங்கிவிட்டாராம். சிரித்துக்கொண்டே பிடுங்கினாராம்.

“அப்பறம் இன்னாடா, சந்தோசமா கீற வேண்டிதுதானே?” என்றாள் கன்னியம்மா.

“சந்தோசமா? அவன் டிராக்டரு பாதைல வந்துச்சு. வரப்பாண்ட நிக்கல. நேரா நம்ம கயனிக்குள்ள பூந்து, மல்லாட்டை மேல ஏறி, கால்வாய் வரிக்கும் போயிடுச்சு. கேட்டா படத்த காட்றான். படத்துல பாதை கால்வாய் வரிக்கும் கீதாம்.”

தாளை மறுபடி விரித்தோம். இந்த முறை மாமியின் விரல் இல்லாமல் பார்த்தோம். இரண்டு கோடும் ரோட்டில் தொடங்கி, கன்னியம்மாவின் வரப்பைத் தாண்டி, அவள் வயலை நேராக இரண்டாகப் பிளந்து, கால்வாயைத் தொட்டு நின்றன. கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம் போட்டுவிட்டால் நிலத்துக்காரரின் இடத்துக்குப் புதுச் சாலையிலிருந்து வழி கிடைத்துவிடும். பாலம் போடக் கல் வந்து இறங்கிவிட்டது என்றான் தம்பி. வயலின் கிணறு இப்போது ஒரு துண்டில். பயிர் இன்னொரு துண்டில்.

நான் மட்டும் மாடிக்குப் போனேன். மாமி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பாதை வரப்போட நின்னுடுது மாமி. நீங்களே பாத்தீங்க.”

“முட்டிண்டு நிக்கற கோட்டைப் படத்துல விட முடியாது. நுனி தொங்கினா திருப்பி அனுப்பிடுவா. பாதைன்னா எங்கயாவது போய்ச் சேரணும் இல்லையா?”

“அது அவ வயல்.”

“வயல் எங்கயும் போயிடலியே. பாதை வந்தா மதிப்பு ஏறும்னு அவரே...”

அங்கே நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன். துணியை மடித்தார், இன்னொரு டப்பாவை எடுத்தார். வாக்கியம் அப்படியே நின்றது. ஊரார் வாக்கியங்களை எல்லாம் முடித்துக் கொடுத்தவர் தன்னுடையதை நடுவில் விட்டு நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

பிறகு நான் விசாரித்தேன். அவர் கையில் புது வளையல் இல்லை. வீட்டில் புதுச் சாமான் இல்லை. அதே குக்கர், அதே பருத்திப் புடவைகள். அவர் காசு வாங்கினார் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. வாங்கவில்லை என்று சத்தியம் செய்ய என்னாலும் முடியவில்லை. வேப்பமரத்தடியில் பேசியது என்ன என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். எனக்குத் தெரிந்தது, முதலில் பாதையை அழித்தபோதும், பிறகு வரைந்தபோதும் லாபம் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது. காசுக்காகச் செய்திருந்தால் அதை எழுதும் விதம் எனக்குத் தெரியும். நுனி தொங்கக் கூடாது என்பதற்காகவே செய்திருந்தால் அதை எந்தப் பக்கத்தில் போடுவது?

தாலுகா ஆபீசில் கன்னியம்மாவிடம், ஒரு தடவை திருத்தியாகிவிட்டது, இனி அளந்துதான் மாற்ற முடியும், மனுக் கொடுத்துவிட்டுக் காத்திரு என்றார்கள். அது சோதனைப் படம்தான், பழைய படம்தான் செல்லும் என்றும் ஒருவர் சொன்னார். பழைய படத்தைப் பிரிக்க அவர் தயாராக இல்லை. பாலம் வேலை முடிந்தது.

“பாதை இல்லாம கயனி இருந்திச்சு சார். இப்ப கயனியே பாதையா கீது” என்று கன்னியம்மா என்னிடம் சொன்னாள். கரித் துண்டுகளை ஊதி ஊதிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

அந்த வாரம் மாமி வழக்கம்போல் புடவை மூட்டையோடு இறங்கி வந்தார். நான் கேட்டருகில் நின்றிருந்தேன். கன்னியம்மா நிமிரவில்லை.

“வண்டில எடம் இல்ல மாமி.”

மாமி வண்டியைப் பார்த்தார். தேய்த்த துணிகள் வீட்டுக்கு ஒரு அடுக்காக இருந்தன. அடுக்குகளுக்கு நடுவே, ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டோடு கலக்காமல் இருக்க, கன்னியம்மா எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பாள். மாமி குனிந்து, ஒரு அடுக்கை இந்தப் பக்கமும் ஒரு அடுக்கை அந்தப் பக்கமும் இரண்டு கையாலும் மெதுவாக, கசங்காமல் நகர்த்தினார். நடுவில் தன் மூட்டையை வைத்தார்.

“எடம் இருக்கே” என்றார்.

படியேறிப் போய்விட்டார். கன்னியம்மா அந்த மூட்டையைத் தொடவில்லை. பெட்டியை அதைச் சுற்றி ஓட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை மற்ற வீட்டுத் துணிகளைத் தேய்த்தாள்.